ஐந்நூறு யூனிட்டுக்கு மேலே

பூட்டிய வீட்டில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
யாகப்பா நகர், நாலாவது தெரு, மாடி.
பதினாறு வருஷமாகக் கணக்கெடுக்கிறேன்.
ஆளில்லா வீட்டில்
சிவப்புப் பொட்டு இப்படித் துடிக்காது.
சன்னல் கண்ணாடியில் கைகுவித்துப் பார்த்தேன்.
ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு,
நடுவில் ஏசிக் காற்றில் அசையும் மயிர்.
சிரித்துவிட்டேன்.

கனடாவுக்கு விசா வந்ததும்
மாடிப் பையன் சங்கிலியை என் கையில் வைத்தான்.
"அக்கா, இவனப் பாத்து சிரிச்சது நீங்க மட்டும்தான்."
சிரித்ததற்கு இத்தனை பெரிய அபராதம்
எங்கள் இலாகாவில்கூடக் கிடையாது.

ஸ்னோ என்பது எங்கள் தெருவின் வாயில் நுழையவில்லை.
ஒரே வாரத்தில் சீனு ஆகிவிட்டான்.

குரைக்கத் தெரியாது அவனுக்கு,
வாதாடத் தெரியும்.
சாலமோன் சத்தம் போட்டால்
முடிக்கும்வரை காத்திருந்து
இழுத்து இழுத்துப் பதில் சொல்வான்.
அந்தப் பொறுமை எங்கள் வீட்டில்
வேறு யாருக்கும் இல்லை.

முடி.
முடியைப் பற்றி என்ன சொல்ல.
இட்லி மாவில், ஜெபப் புத்தகத்தில்,
இரண்டு நாள் கழித்து
சாலமோனின் ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கிய
கல்யாணக் கோஷ்டியின் கறுப்பு பேண்ட்டுகளில்.
ஒருவர் திரும்பி வந்து கேட்டாராம்,
"வண்டியில ஆடு ஏத்துறீங்களா?"

"வெயிலுக்குன்னே பொறந்த சிப்பிப்பாறை
நம்ம பக்கத்துலயே இருக்க,
இத எதுக்கு வாங்குனீங்க?"
வாங்கவில்லை என்று
எத்தனை வாசலில் சொல்வேன்.
எல்லா வாசலிலும் என் பெயர் இப்போது
நாய்க்கார ஈபி அக்கா.

ஐந்நூறு தாண்டினால் கணக்கே வேறு.
ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிறவள் நான்.
என் வீட்டு வெள்ளை அட்டையில்
எழுநூற்றுப் பன்னிரண்டு.
வேற்று செக்‌ஷனிலிருந்து வந்த கணக்கெடுப்பாளர்
இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அக்கினி நட்சத்திரத்தில்
பராமரிப்புப் பணி, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து.
தேதி எனக்கு முன்னாலேயே தெரியும்.
பாட்டில் பாட்டிலாக உறையவைத்தேன்.
ஈரச் சாக்கு, மண்தொட்டி, மேசை விசிறி -
விசிறியை எதற்கு எடுத்துவைத்தேனோ.
பதினோரு மணிக்கு
கேட்டுக்கடியில் குழி மட்டும் இருந்தது.

அவன் வைகைப் பக்கம் போயிருப்பான் என்றார்கள்.
மணல் கொதித்தது. நாணலில் எருமைகள்.
ரிங் ரோட்டில் ஒவ்வொரு லாரியாகப் பார்த்தேன்,
சக்கரங்களை மட்டும்.

கடைசியில்
மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில்,
விளைமீனுக்கும் சீலாவுக்கும் நடுவே
உடைத்துக் கொட்டிய ஐஸ் குவியலின் மேல்
நாலு காலையும் பரப்பி
வயிறு ஒட்டப் படுத்திருந்தான்.
கண் மூடியிருந்தது.
கடைக்காரர் ரோக்கய்யா குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"ஒரு மீனத் தொடலம்மா.
வந்தான், படுத்தான்.
எழுப்ப மனசு வரல."

ஐஸுக்குக் காசு கொடுத்தேன். வாங்கவில்லை.
சாயந்தரம் மிஞ்சும் துண்டங்களை
இப்போது அவரே கட்டிக் கொடுத்தனுப்புகிறார்.
வீடு முழுக்க லேசாக மீன் வாடை.
சாலமோன் ஊதுபத்தி வாங்கிவந்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் எனக்கு என்ன கிடைத்தது என்று
அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

மார்கழி. நாலரை மணி.
வண்டியூர்க் கண்மாயின் மேல் பனி
தண்ணீர் எது கரை எது என்று தெரியாமல்.
மே மாதம் முழுக்கத் தரையோடு கிடந்த அந்த ஜீவன்
காதை நிமிர்த்துகிறான்.
முதுகில் ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறது.
பிறகு இழுக்கிறான்.
நாற்பத்து மூன்று வயது, இடது முட்டியில் வலி,
ஒரு கையில் சங்கிலி,
மறு கையில் நழுவும் செருப்பு.
ஓடுகிறேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு
பஸ்ஸுக்குத் தவிர எதற்கும் ஓடாதவள்
மூச்சு புகையாக வருகிறதென்று
வாய்விட்டுச் சிரித்தபடி.

கரை முடிகிற இடத்தில்
சட்டென்று உட்கார்ந்துவிடுவான்.
வடக்கே பார்த்து.
அங்கே அழகர்மலை இருக்கிறது,
பனியில் அதுவும் தெரியாது.

பக்கத்தில் நிற்பேன்.
ஐந்தரைக்கு முதல் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும்வரை.